எடைமேடை

காலை ஏழரைக்கு முதல் லோரி ஏறும்.
முப்பத்திரண்டு டன், நானூற்று இருபது கிலோ.
பழக்குலைகளின் மேல் ஒரு பையன் தூங்கிக்கொண்டிருப்பான்,
அவனும் அதில் சேர்த்தி.
சீட்டு அடித்துக் கொடுத்துவிட்டு
மேசையின் கீழறையைத் திறக்கிறேன்.
புது செயின். நூற்றுப்பதினாறு கண்ணி.
இருநூற்று நாற்பத்தேழு கிராம்.
வீட்டு மாவுத் தராசில் இருமுறை வைத்துப் பார்த்தேன்.

கார்பன் வேண்டாம் என்றதும் லியோங்குக்கு முகம் விழுந்துவிட்டது.
சிரம்பான் கடையில் அது கொக்குபோலத் தொங்கியது,
விரலால் சுண்டினால் காலி டப்பா ஓசை.
நான் எஃகு கேட்டேன்.
பச்சை நிறம்.
செம்பனைப் பச்சை இல்லை, அதைத்தான் நாள் முழுக்கப் பார்க்கிறேனே.
ஊறுகாய்ப் புட்டி மூடி இருக்குமே, அந்தப் பச்சை.

டயர் இருபத்தெட்டா முப்பத்திரண்டா என்று
ஒரு வாரம் நான் குழம்பியிருக்க வேண்டாம்.
பஹாவ் சாலை முன்பே முடிவு செய்திருந்தது:
ஓலைமுள்,
லோரி உதிர்த்த பழம் நசுங்கி
எண்ணெயாய் மினுங்கும் அந்தப் பாலத்து வளைவு.
முப்பத்திரண்டு.
நாலு மணி மழைக்கு டிஸ்க் பிரேக்.
அதற்கு நானூறு வெள்ளி கூட.
இரண்டு மாதம் கோப்பிக்கடைப் பசியாறல் இல்லை.

பல்சக்கரத்தை மட்டும் மலையிடம் கேட்டேன்.
புக்கிட் புத்துஸ்.
அறுந்த மலை என்று பொருள்,
செயின் போட்டு ஏற வேண்டிய மலைக்கு
யார் வைத்த பெயரோ.
பின்னால் இருபத்தெட்டுப் பல் போதும் என்றார்கள்
ஞாயிறுக் குழுவில் ஓட்டும் ஆண்கள்.
அவர்கள் முழங்கால் அவர்களுக்கு.
எனக்கு முன்னால் முப்பத்துநாலு, பின்னால் முப்பத்துநாலு.
மிதி ஒரு சுற்று, சக்கரம் ஒரு சுற்று.
கடன் வைக்காத கணக்கு.

இருக்கைக்காக லியோங்கின் மகள்
அட்டைத்துண்டு ஒன்றின் மேல் உட்காரச் சொன்னாள்.
எழுந்து பார்த்தால் இரண்டு சின்னக் குழி.
நடுவே பதினொன்றரை சென்டிமீட்டர்.
முப்பத்தெட்டு வயதில்
என் உடம்பில் யாரும் அளந்திராத ஓர் அளவு.

மிதியச்சு தப்பாக வந்தது. இத்தாலி மரை.
திருப்பி அனுப்பி மூன்று வாரம் காத்திருந்தேன்.
சரியானது வந்தபோது லியோங் காட்டினார்:
வலப்பக்கத்து மரை இடப்புறம் திருகினால்தான் இறுகும்,
இல்லையென்றால் மிதிக்க மிதிக்கக் கழன்றுவிடும்.
குணாளனோடு ஆறு வருடம்
எல்லாரையும் போல நான் வலப்புறம்தான் திருகினேன்.

அந்தச் செயின் இருபத்துநாலு கிராம்.
பஹாவ் நகைக்கடைக்காரர் முகத்தைப் பார்க்காமல் நிறுத்தார்,
நல்ல மனிதர்.
அதில்தான் இத்தனையும் வந்தது,
கடைசியாக வாங்கிய மணி உட்பட.
மணி வேண்டாம், எழுபது கிராம் வீண் என்றார் லியோங்.
மாடு குறுக்கே வருமே என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆலைக்கு ஓய்வு.
ஹஃபிஸா சன்னலுக்குள் உட்கார்ந்து
ஏறு என்றாள்.
லோரிக்கென்று போட்ட இரும்புத் தளத்தின் நடுவில்
பச்சைச் சைக்கிளோடு நின்றேன்.
அறுபது.
இறங்கி, அதை மதிலில் சாய்த்துவிட்டு
தனியாக ஏறினேன்.
அறுபது.
இருபது இருபது கிலோவாகத் தாவுகிற மேடை,
அதற்கு நடுவில் இருப்பதெல்லாம் தெரியாது.
நான் தினமும் இருபது முறை
டிரைவர்களிடம் விளக்குகிற விஷயம்தான்.

ஹஃபிஸா சிரித்துச் சிரித்துச் சீட்டே அடித்துவிட்டாள்.
வாகன எண்: இல்லை. சரக்கு: இல்லை.
மொத்தம் அறுபது. வெறுவண்டி அறுபது.
நிகர எடை சுழியம்.

மடித்துச் சட்டையின் முதுகுப் பையில் வைத்தேன்.
கேட்டைத் தாண்டியதும் கியரைக் குறைத்தேன்.
பாலத்து வளைவில் பழம் கிடந்தது,
மணியை அடித்தேன், சும்மா.